ஒன்பதரைக்குள் எட்டுச் சிரிப்பு

மஞ்சள் நிறத்தில் வட்டமாக ஒரு சிரித்த முகத்தை யாராவது போனில் அனுப்பினால் இன்றைக்கும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அக்கா மகள் பரீட்சையில் தேறிவிட்டேன் என்று அனுப்புவாள். பால்காரர் நாளைக்குப் பால் கிடையாது என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒன்று அனுப்புவார். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த முகத்தை நான் இரண்டு வருஷம் ஒவ்வொரு நாள் காலையிலும் எட்டு முறை அமுக்கியிருக்கிறேன். அருவருப்பு அதனால் வந்தது.

நான் இருப்பது ஆந்திர எல்லையோர ஊரான நகரியில். வீட்டுச் சுவரை ஒட்டி மைத்துனரின் பவர்லூம் கொட்டகை. காலை எட்டு மணிக்குத் தறிகள் ஓட ஆரம்பித்தால் என் மேஜைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர்கூட அதிரும். ஜன்னலில் ஒரு பழைய ரஜாய்ப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அறையில்தான் என் கம்பெனி வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை அது. முன்பு திருப்பதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஆபீஸ் இருந்தது. கொரோனாவில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கூப்பிடவேயில்லை. கட்டடத்தைக் காலி செய்து நாற்காலிகளைக்கூட விற்றுவிட்டார்கள்.

என் டீமில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். பலமனேரில் ஒருவர், கார்வேட்டிநகரத்தில் இரண்டு பேர், சித்தூரில் மூன்று பேர், பாகாலாவில் ஒருத்தி. நான் அவர்களுக்கு லீட். வேலையைப் பிரித்துக் கொடுப்பது, வந்ததைப் பார்ப்பது, மேலே பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு.

ஆட்களை இப்படி ஆளுக்கொரு அறையில் அடைத்த பிறகு கம்பெனிக்குத் திடீரென்று எங்கள் மனசின்மேல் அக்கறை வந்தது. உங்கள் மனம் எங்களுக்கு முக்கியம் என்று பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. அதோடு ஒரு செயலி. காலையில் வேலையைத் தொடங்கும்போது ஆளுக்கொரு லிங்க் வரும், அதைத் திறந்தால் ஐந்து முகங்கள். வாய் கொள்ளாமல் சிரிக்கும் முகம் ஒரு கோடியில், கண்ணீர் விடும் முகம் மறு கோடியில். இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஒன்பதரைக்குள் ஒன்றை அமுக்க வேண்டும். டீமில் எல்லாரும் சிரித்தால் டீமின் பெயர் பச்சையாக இருக்கும். ஒருவர் வாடினாலும் மஞ்சளாகும். இரண்டு பேர் வாடினால் சிவப்பு, லீடுக்குப் போன் வரும்.

முதல் மாதம் நாங்கள் அதை உண்மை என்று நம்பினோம். பலமனேர்க்காரர் வீட்டில் ஒரு கறவை மாடு கன்று போடும்போது செத்துப்போனது. அவர் வெள்ளந்தியான மனுஷர். மறுநாள் வாடிய முகத்தை அமுக்கிவிட்டார். அன்று மத்தியானமே அவரை வீடியோவில் உட்கார வைத்து எதிரில் மூன்று பேர் வந்தார்கள். மாடு செத்தது வேலையைப் பாதிக்கிறதா, இப்போது இருக்கும் வேலைப்பளுவைத் தாங்க முடியுமா, வீட்டில் வேறு ஏதாவது பிரச்சினை உண்டா என்று முக்கால் மணி நேரம் துருவினார்கள். இரண்டு வாரம் கழித்து, மன அழுத்தம் குறைவான வேலை என்று சொல்லி, எங்கள் டீமிலேயே திருப்பி அனுப்பப்பட்ட காகிதங்களை அடுக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். அடுத்த லீடாக வர வேண்டியவர் அவர். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"மாடு செத்ததகூட தாங்கிக்கினேன்கா. அந்த மூணு பேரு மூஞ்சிய தாங்க முடியல," என்றார் என்னிடம்.

அதோடு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. குழந்தையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கூட்டம் இது, இதனிடம் அழுது காட்டக் கூடாது. கார்வேட்டிநகரத்துப் பெண்தான் முதலில் சொன்னாள், அக்கா, என் லிங்க்கை நீயே வெச்சுக்கோ, காலையில் நீயே சிரிப்பைப் போட்டுவிடு என்று. ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் அது வசதி. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு லிங்க்குகளையும் திறப்பேன். ஐந்தாவது முகம், அனுப்பு. ஐந்தாவது முகம், அனுப்பு. கோலம் போடுகிறவள் புள்ளியைப் பார்க்காமல் வைப்பதுபோலக் கை தானாகப் போகும். ஒன்பது இருபத்தெட்டுக்குள் டீம் பச்சையாகிவிடும். என் ஆட்களை நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

கம்பெனியின் அக்கறை அதோடு நிற்கவில்லை. மாதம் ஒருமுறை மனநல வகுப்பு. கேமராவைத் திறந்து வைக்க வேண்டும், வருகைப் பதிவு உண்டு, அந்த நேரத்தில் விட்ட வேலையைச் சாயங்காலம் உட்கார்ந்து முடிக்க வேண்டும். நிம்மதியைச் சொல்லிக்கொடுக்க வருகிறவர் பின்னால் ஒரு விளக்கும் ஒரு மூங்கில் செடியும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு உங்களைச் சுற்றியுள்ள ஓசைகளை மட்டும் கேளுங்கள் என்பார். எனக்குப் பன்னிரண்டு தறிகள் கேட்கும். ஒருமுறை எங்கள் எல்லாருக்கும் பார்சல் வந்தது. உள்ளே ஒரு வாசனை மெழுகுவத்தியும், நீ தனியாக இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு காப்பிக் கோப்பையும். எட்டுப் பேரும் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தை நான் திரட்டி அனுப்ப வேண்டும் என்று கட்டளை. திரட்டி அனுப்பினேன். சித்தூர்க்காரர் ஒருவரின் சிரிப்பு போதவில்லை என்று சொல்லி அவரிடம் இரண்டாம் படம் கேட்டு வாங்கினேன். அதைச் செய்தவளும் நான்தான்.

பாகாலாக்காரியைப் பற்றிச் சொல்கிறேன். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவள். அவள் தாத்தா காலம்வரை ஊரார் நிலத்தில் கூலி. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாதான் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கடலை போட்டு அவளைப் படிக்க வைத்தார். அவர்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள். கல்யாணம் ஆகிப் பாகாலாவுக்கு வந்தாள். புருஷன் பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவான். மாமியார் வீட்டின் பின்கட்டில் ஒரு அறையில் லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம்வரை அவளும் திரையும்தான். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த லேப்டாப்பினால் வந்தது. அது போனால் அவள் அங்கே வெறும் வேலைக்காரி. அவளுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

திருப்பதி ஆபீஸில் அவள் என் பக்கத்து நாற்காலி. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை யாராவது திறக்காமல் வைத்திருந்தால் போதும், இன்னாச்சி என்று நான்கு பேர் கேட்போம். அதற்குச் செயலி எதுவும் தேவைப்படவில்லை.

செயலி வந்த இரண்டாம் வருஷத்தில் அவள் நைனா செத்துப்போனார். கடலைக்கொல்லையிலிருந்து வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கம்பெனி விதிப்படி மூன்று நாள் விடுப்பு. நான்காம் நாள் காலை அவள் வந்துவிட்டாள். எல்லாரும் வருத்தம் தெரிவித்தோம், அதையும் டைப் அடித்துத்தான். பிறகு வேலை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு மாதிரியா கீதுக்கா. ஸ்க்ரீனயே பாத்துக்கினு கீறேன், ஒரு எழுத்தும் உள்ள போவல."

எனக்கு அன்றைக்கு மேலேயிருந்து நெருக்கடி. டீ குடித்துவிட்டு வந்து உட்கார், வேலையில் மூழ்கிவிட்டால் எல்லாம் மறந்துவிடும், கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று சொன்னேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனது. காலைக் கூட்டத்தில் அவள் முறை வரும்போது ஒரு வினாடி தாமதித்துப் பேசுவாள். நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான், ஆனால் கவனித்தேன். நெட் மெதுவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. எனக்கு முதலில் வந்தது எரிச்சல், கவலை இல்லை. அன்றைய காகிதங்களை யார் முடிப்பது என்றுதான் தோன்றியது. நான்காவது முறை போன் அடித்தபோது அவள் மாமியார் எடுத்தார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக அழுதுகொண்டே சொன்னார். மருமகள் ஒரு மாதமாகச் சரியாகத் துன்னுவதில்லையாம், தூங்குவதில்லையாம். காலையில் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தவள் கையைத் தூக்க முடியாமல் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் விழுந்திருக்கிறது, ஒரு மாதமாவது வேலையை நினைக்கக் கூடாது, மாத்திரையும் ஓய்வும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பெனியில் மனநல விடுப்பு என்று ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தபோது பட்டாசு வெடிக்காத குறைதான். ஒரு மாதம் விடுப்பு, வேலை பத்திரமாக இருக்கும். டாக்டர் சீட்டோடு அவளுக்காக நான் விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டாம் நாள் பெங்களூரிலிருந்து எச்.ஆர். அம்மாவின் அழைப்பு வந்தது. குரலில் தேன் சொட்டும். விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை என்றார். இந்த விடுப்புக்கு முன்கூட்டியே அறிகுறி பதிவாகியிருக்க வேண்டும், அப்படி எதுவும் பதிவில் இல்லை என்றார். ஒரு மாதப் பதிவைத் திறந்து, ஒவ்வொரு நாளையும் வாசித்துக் காட்டினார். மிக்க மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி. திங்கட்கிழமை மிக்க மகிழ்ச்சியாக இருந்தவர் செவ்வாய்க்கிழமை எப்படி இப்படி ஆவார் என்று கேட்டார். பத்து நாளுக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் சொல்லாமல் நின்றுவிட்டவராகக் கணக்கு வைத்துப் பெயரை நீக்கிவிடுவார்களாம்.

பிறகு குரலை மாற்றிக்கொண்டு எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னார். இந்த வருஷத்தின் மகிழ்ச்சியான டீம் எங்களுடையதுதானாம். திருப்பதியில் ஒரு ஹோட்டலில் விழா. டீமின் மனநலத்தை எப்படிப் பேணுகிறேன் என்று நான் மூன்று நிமிஷம் பேச வேண்டும்.

நான் நன்றி சொன்னேன். அந்த வாய்க்கு அதுதான் வந்தது.

போனை வைத்த பிறகுதான் அந்தச் செயலியில் லீடுக்கென்று இருக்கும் பழைய பதிவுகளின் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு வருஷத்தில் ஒருநாளும் திறந்ததில்லை. நான் போட்ட சிரிப்பையே நான் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? பாகாலாக்காரியின் பெயரை அமுக்கினேன். ஒரு நாளுக்கு ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்பது மணி ஐந்து நிமிஷம், அழும் முகம். ஒன்பது இருபத்தாறு, சிரித்த முகம். அடுத்த நாள், ஒன்பது மூன்று, அழும் முகம். ஒன்பது இருபத்தேழு, சிரித்த முகம். கீழே கீழே போனேன். பதினெட்டு நாள்.

முதல் வரி அவள் அமுக்கியது. இரண்டாவது நான். கடைசியாக வந்ததைத்தான் செயலி கணக்கில் எடுக்கும். நான் அவள் லிங்க்கைத் திறந்தபோதெல்லாம் அழும் முகத்தைச் சுற்றி ஒரு நீல வளையம் இருந்திருக்கும், ஏற்கெனவே அமுக்கியதைக் காட்ட. பதினெட்டு நாளும் அந்த வளையம் என் கண் எதிரில் இருந்திருக்கிறது. நான் அதன்மேல் காப்பி குடித்துக்கொண்டு சிரிப்பைப் போட்டிருக்கிறேன்.

எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். வீட்டுக்காரர் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு என்ன துன்னே என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், உனக்கு எதற்கு இந்த வம்பு, சொன்னால் உன் வேலை போகும், அவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் அதன் பிறகு மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் காலையில் எட்டு லிங்க்கையும் திறந்து எட்டுச் சிரிப்பையும் போட்டேன், ஆஸ்பத்திரியில் கிடந்தவளுக்கும் சேர்த்து. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

விழாவுக்கான பேச்சையும் எழுத ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் டீமில் ஒவ்வொருவரின் மனநிலையையும் நான் ஒவ்வொரு நாளும் கவனிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் முதல் வரி. அதைத் திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். என் குரலில் எச்.ஆர். அம்மாவின் தேன் கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கும் ஒரு அளவு வேண்டும். பேச்சை அழித்துவிட்டு, அந்தப் பதினெட்டு நாளின் பக்கத்தைப் படம் எடுத்து மெயிலில் சேர்த்தேன். இரண்டாவது வரிகள் எல்லாம் என் கை, முதல் வரிகள்தான் அவள், அறிகுறி முன்கூட்டியே பதிவாகியிருக்கிறது, விடுப்பைக் கொடுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. எதிரில் மூன்று பேர். பலமனேர்க்காரர் சொன்ன மூஞ்சிகளை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். இந்தப் படத்தை வேறு யாருக்காவது அனுப்பினேனா என்பது முதல் கேள்வி. டீமில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது இரண்டாவது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் இந்தப் பச்சை நிறம் போகிறது, அதன் கனம் எனக்குப் புரிகிறதா என்பது மூன்றாவது. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானே, அவள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள் என்றேன். ஆமாம், ஆமாம், பிரார்த்திக்கிறோம் என்றார் ஒருவர், வேறு எதையோ டைப் அடித்துக்கொண்டே.

அவளுக்கு விடுப்பு கிடைத்தது. கருணை அடிப்படையில் என்று எழுதியிருந்தார்கள். தங்கள் கருணையாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், லீட் பொறுப்பும் போனது. விருது வேறொரு பச்சை டீமுக்குப் போனது. இனி கைரேகை வைத்துத்தான் முகத்தை அமுக்க முடியும் என்று செயலியைத் திருத்தினார்கள், அழுதவளை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எதையும் திருத்தவில்லை. மறுநாள் எனக்குத் தானியங்கி மெயில் ஒன்று வந்தது. நேற்றைய உரையாடல் உங்களுக்கு எப்படி இருந்தது? கீழே ஐந்து முகங்கள்.

அவளைப் பார்க்கப் போக எனக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. வேலை இருந்தது என்று சொல்லலாம். பயம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தூர் வழியாகத் திருப்பதி போய், அங்கிருந்து பாகாலாவுக்கு வேறு பஸ் பிடித்தேன். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் போனிலும் திரையிலும் பேசிப் பேசித்தானே இங்கே வந்து நின்றோம்.

மாமியார் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகள் இப்போது ஒரு தோசை துன்னுகிறாள் என்று தெலுங்கில் சொன்னார். அவள் பின்கட்டில் பாயில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையினால் கை மெதுவாக வேலை செய்தது. இளைத்துவிட்டாள், கழுத்தெலும்பு தெரிந்தது. வாக்கா என்று நகர்ந்து இடம் விட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். லேப்டாப் இருந்த மேஜையில் இப்போது மடித்த துணிகள் இருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ அமுக்கினதுமேல் நான்தான் தினமும் சிரிப்பைப் போட்டேன், அதனால்தான் கம்பெனிக்கு எதுவும் தெரியவில்லை, நீ அழுதது அங்கே போய்ச் சேரவேயில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவள் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கையில் இருந்த காயை உரித்து முடித்துப் பருப்பை முறத்தில் போட்டாள்.

"கம்பெனிக்கோசரம் அமுத்தலக்கா," என்றாள். "அவங்க எப்ப பாத்தாங்க. காத்தால நீ எங்க எல்லாருக்கும் தொறந்து போடுவ இல்ல? என்து தொறந்தா அழுதுக்கினு இருக்கும். நீ பாத்துட்டு போன் பண்ணுவன்னுதான் அமுத்துனேன்."

அன்றைக்கு ஒருமுறை வாயால் சொன்னபோது டீ குடிக்கச் சொன்னேன் அல்லவா, அதனால் மறுபடியும் சொல்லக் கூச்சப்பட்டு இந்த வழியைப் பிடித்திருக்கிறாள். போன் வரும் என்று பதினெட்டு நாளும் அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரு நாளுகூட பாக்கலியாக்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.